நாற்பத்திரண்டாம் பக்கத்து வரி

சிவசிதம்பரம் முப்பத்தொரு வருடம் கல்லூரியில் சமூகவியல் நடத்தியவர். கூட்டுக் குடும்பம், தனிக்குடும்பம், ஒற்றைப் பெற்றோர் குடும்பம் என்று கரும்பலகையில் பிரித்துப் போட்டால் யாருக்கும் மறக்காது. பாடப்புத்தகமே அவர் எழுதியதுதான்.

மனைவி மரகதம் போய் நான்கு வருடம். மகள் பெர்த்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் வீட்டில் தன் இருமலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அது தாங்காமல்தான் மூன்று மாதமாகக் காலையில் குரு ஞானாம்பிகையின் மடத்துக்கு வருகிறார். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதில் அவருக்குக் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பந்தி போடும் நேரத்துக்கு முன் மட்டும் நைசாக நழுவிவிடுவார்.

அன்று புத்தகத்தோடு வந்தார். நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்துக் குருவின் முன் வைத்தார்.

'தனியாக வாழும் ஒருவரைக் குடும்பம் என்று கொள்ள இயலாது.'

"நான் எழுதினதுதாம்மா. இப்போ என்னையே குத்துது. இது சரியா, தப்பா?"

"எப்போ எழுதினீங்க ஐயா?"

"இருபது வருஷம் இருக்கும்."

"எழுதும்போது காபி யார் கொடுத்தாங்க?"

"மரகதம்தான். கேட்காமலே கொண்டுவந்து வைப்பா."

ஞானாம்பிகை புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். சிவசிதம்பரத்துக்குச் சப்பென்று போய்விட்டது. உள்ளே தட்டுகள் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டதும் வழக்கம்போல எழுந்தார்.

"நான் போறேம்மா."

"மூணு மாசமா இப்படித்தான் சொல்றீங்க."

"எப்படி?"

"போறேன்னு."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. மரகதம் இருந்தவரை, பால் வாங்கப் போனாலும் 'போய்ட்டு வரேன்' என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அவள் போன பின் வாசல் பூட்டிடமா சொல்வது? பாதி வார்த்தை எப்போது உதிர்ந்தது என்றே தெரியவில்லை.

"வரேன்னு யார்கிட்டம்மா சொல்றது?"

"என்கிட்ட சொல்லிப் பாருங்க."

"போய்ட்டு..." என்றார். மேலே சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்தை இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். "வரேன்."

"கை கழுவத்தானே? போய்ட்டு வாங்க ஐயா. மூணு மாசமா உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறோம்."