ஓணான் பட்ஜெட்டில் இல்லை

மலைக்காட்டில் ஓடைக்கரை மரமொன்றில் அலகன் என்ற இருவாச்சிப் பறவையும் அவன் மனைவி பூவாயியும் வாழ்ந்து வந்தார்கள்.

இருவாச்சிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண்பறவை மரப்பொந்துக்குள் போய்விடும். மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீற்று இடைவெளி மட்டும் இருக்கும். உள்ளே போனதும் சிறகில் உள்ள இறகுகளையும் உதிர்த்துவிடும். அப்புறம் புருஷன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு.

பூவாயியும் அப்படித்தான் உள்ளே போனாள். நம்பித்தான் போனாள்.

முதலில் ஒரு குறையும் இல்லை. அலகன் தொண்டை நிறைய அத்திப்பழம் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கிக் கீற்று வழியே நீட்டுவான். அவளுக்கு வயிறு நிறைந்த பிறகே நிறுத்துவான்.

ஒருநாள் மேல்கிளையில் பேச்சுக்குரல் கேட்டது. அங்கே குடியிருந்த மலையணில்தான் அலகனிடம் பேசியது.

"தினம் தினம் ஓடுறியே மாப்ளே, இப்படியே எத்தனை காலம்?"

"என்ன பண்றது? வீட்டுல வயிறு காத்துக்கிட்டு இருக்கே!"

"என்னைப் பாரு! வர்றதுல பாதியை ஒதுக்கிடுவேன். பொந்து நிறைஞ்சுதுன்னா வேலைக்கு ஒரு கும்பிடு! காலை நீட்டிக்கிட்டுச் சாப்பிட வேண்டியதுதான்!"

அன்று மாலை அலகன் கொண்டுவந்த பழம் பாதிதான்.

"மீதி எங்கேங்க?"

"எதிர்மரத்துப் பொந்துல போட்டிருக்கேன். இனிமே மாசாமாசம் பட்ஜெட்! வரவுல பாதி வீட்டுக்கு, பாதி விடுதலைக்கு!"

"எது விடுதலை?"

"பொந்து நிறைஞ்ச நாள்தான் விடுதலை. அப்புறம் நான் பறக்கவே வேண்டாம்! சும்மா உக்காந்து சாப்பிடலாம்!"

பூவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பறக்காம உக்காந்திருக்கிறதுக்குப் பேரு விடுதலையா? அதைத்தானே நான் இங்கே பண்ணிக்கிட்டு இருக்கேன்!"

அலகன் சிரிக்கவில்லை. "சிரிக்காதே. எனக்கு இப்பவே சிறகு வலிக்குது. ஒருநாள் வழியில விழுந்துட்டேன்னா, அடைச்ச கதவுக்குள்ள உனக்கு யாரு?"

அந்தப் பயம் நியாயமான பயம்தான். அதனால் பூவாயி வாயை மூடிக்கொண்டாள்.

முட்டை பொரிந்தது. சிவந்த தோலும் பெரிய வாயுமாக ஒரு குஞ்சு. பொழுதெல்லாம் கத்தியது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அலகன் வாசலில் உட்கார்ந்து கணக்குச் சொன்னான். "கால் பொந்து நிறைஞ்சிடுச்சு!" "அரைப் பொந்து தாண்டியாச்சு!" கணக்கு ஏற ஏற, கீற்று வழியே வரும் பழம் குறைந்துகொண்டே வந்தது.

"என்னங்க, பிள்ளைக்குப் பழம் மட்டும் போதாது. எலும்பே உறுதியாகலை. ஒரு ஓணான் பிடிச்சுட்டு வாங்களேன்."

"ஓணான் துரத்துற நேரத்துல இருபது பழம் சேர்த்துடுவேன். ஓணான் பட்ஜெட்டில் இல்லை!"

"ஒண்ணே ஒண்ணு!"

"இப்படித்தான் ஒண்ணு ஒண்ணுன்னு போயிடும். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ!"

பூவாயி தன் பங்கையும் குஞ்சுக்கே ஊட்டினாள். உதிர்ந்த இடத்தில் முளைத்த இறகுகள் பாதியில் நின்றுவிட்டன. குஞ்சின் கத்தல் முனகலாயிற்று. ஒருநாள் விடிந்தபோது முனகலும் இல்லை.

அன்று மாலை அலகன் கூவிக்கொண்டே வந்தான். "பூவாயி! நிறைஞ்சிடுச்சு! விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிடுச்சு! நாளையிலிருந்து நமக்கு விடுதலை!"

அலகன் கீற்றருகே காதைச் சாய்த்தான்.

"என்ன, பிள்ளை சத்தத்தையே காணோம்?"

"இனிமே கேக்காது."

கணக்கிலேயே பழகிப்போன அலகனின் அலகு தானாக முணுமுணுத்தது. "அப்போ... ரெண்டு வயிறுதான். சேர்த்தது இன்னும் கொஞ்ச நாள் கூடுதலா..."

சொன்னது தன் காதில் விழுந்ததும் சட்டென்று அலகை மூடிக்கொண்டான். ஆனால் அவள் காதிலும் விழுந்துவிட்டது.

உள்ளே இருந்து ஒரு குத்து விழுந்தது. இன்னொன்று. காய்ந்த மண் பெயர்ந்து கொட்டியது.

"இரு, இரு! உனக்கு இல்லாததா? எல்லாத்தையும் எடுத்துட்டு வர்றேன்!" அலகன் எதிர்மரத்துக்குப் பறந்தான். மேலே கிடந்த பழங்களைத் தள்ளி அலகை ஆழமாக விட்டான். வெளியே வந்தது கறுப்புக் கூழ். அதில் புழு நெளிந்தது. நாற்றம் இந்த மரம் வரை வீசியது.

மலையணில் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தது. "அட மடையா! நான் சேர்க்கிறது கொட்டை! நீ பழத்தையா கொட்டி வச்சே?"

"நீதானே பாதி ஒதுக்கச் சொன்னே!"

"சொன்னேன்தான்! எதை ஒதுக்கணும்னு நீ கேக்கலையே? யாரோட பாதியைன்னும் கேக்கலையே!" சொல்லிவிட்டு அது தன் கொட்டையை உடைக்கப் போய்விட்டது.

பூவாயி உடைந்த வாசலில் வந்து நின்றாள். ஓடைக்கு அப்பால் அத்திமரம் தெரிந்தது.

"போகாதே பூவாயி! உன் இறகு இன்னும் வளரலை! விழுந்துடுவே!"

"வளர வேண்டிய இறகைத்தான் நீ அந்தப் பொந்துல போட்டு வச்சிருக்கியே!"

அவள் அவனை 'நீ' என்று சொன்னது அன்றுதான். குட்டைச் சிறகை அடித்து, விழுந்து, கிளையைப் பற்றி, மறுபடி எழும்பி, கிளைகிளையாய்த் தாவியே ஓடையைக் கடந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அலகன் யாருக்காகவும் பறக்க வேண்டியிருக்கவில்லை. அவன் கேட்ட விடுதலை முழுசாகக் கிடைத்துவிட்டது.

வீட்டாரின் வாயைக் கட்டிச் சேர்க்கிற விடுதலை வந்து சேரும் நாளில், அதை உண்ண வீட்டில் வாய் இருக்காது.