வீட்டோடு துறைமுகம் பார்க்கப் போன வடிவு

அந்தக் காலத்தில், நண்டும் ஆமையும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டிருந்தபோது, பவளத்துறை என்ற துறைமுகப் பட்டினத்துக்கு எதிரே ஒரு சின்னத் தீவு இருந்தது. அந்தத் தீவின் ஓரம், அலை வந்து தொட்டுப் போகும் பாறை இடுக்கில் ஒரு சங்கு செருகிக் கிடந்தது. அதுதான் வடிவு என்ற நண்டின் வீடு.

அப்போதெல்லாம் வடிவின் இனத்துக்கு மற்ற நண்டுகளைப் போலவே உடம்பு முழுக்க ஓடு உண்டு. பின்பக்கம் நேராகவும் கெட்டியாகவும் இருக்கும். காலையில் வெளியே போய் இரை தேடிவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் நுழைந்துகொள்வார்கள். வீடு வைத்த இடத்தில் இருக்கும். அதை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

வடிவுக்குச் சிறு வயது முதல் ஒரே ஆசை. பவளத்துறையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வருசத்துக்கு ஒரு முறை காற்று திரும்பும்போது அங்கே கப்பல்கள் வந்து நிற்கும். தீவிலிருந்து பார்த்தால் பாய்களின் நுனி மட்டும் தெரியும். அவள் தங்கை கோமு அந்தத் துறைமுகக் கற்சுவரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "அக்கா, ஒரு தடவை வந்து பாரு" என்று வருசா வருசம், இரண்டு கரைக்கும் ஆள் ஏற்றிப் போகும் ஆமை அண்ணாச்சியிடம் சொல்லி அனுப்புவாள்.

வடிவும் வருசா வருசம் கிளம்புவாள். ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்ததும் வீட்டு நினைப்பு வந்துவிடும். வாசல் கல்லைச் சரியாக வைத்தோமா? இறங்கிப் போய்ப் பார்ப்பாள். கல் சரியாகத்தான் இருக்கும். மறுபடி ஏறுவாள். பாறையில் காயப்போட்ட பாசியை எடுத்தோமா? மறுபடி இறங்குவாள். அதற்குள் கரையோரம் நீர் வற்றத் தொடங்கிவிடும். இதர பயணிகள் முணுமுணுக்க, ஆமை அவளை விட்டுவிட்டுப் போய்விடும்.

அவள் பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்துப் பாறையில் ஒரு பேய்க்கணவாய் இருந்தான். எட்டுக் கைகள் இருந்தும் சொந்தமாக வீடு மட்டும் கிடையாது.

"மைனி, உங்க வீடு நல்ல காத்தோட்டம்" என்பான். "நீங்க எங்கயும் ஊருக்குப் போறதே இல்லையா?"

"போனா உனக்கென்ன?"

"சும்மா கேட்டேன். போனா சொல்லிட்டுப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

அந்தப் 'பாத்துக்கிடுதேன்' காதில் விழுந்தாலே வடிவு வாசல் கல்லை இன்னும் ஒரு தரம் அழுத்தி வைப்பாள்.

அந்த வருசம் காற்று திரும்பியது. ஆமை வந்து தலையை நீட்டியது. "வடிவு, இதுதான் கடைசி. அடுத்த வருசம் நான் தெக்கே போயிருவேன், எனக்கும் உடம்புக்கு ஆகமாட்டேங்கு. இந்தத் தடவை ஏறிட்டு இறங்கினா, இறங்கினதுதான். அப்புறம் கப்பலும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது."

வடிவு பதறிப் போனாள். வாசல் கல்லை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். ஆமையின் முதுகில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். பேய்க்கணவாய் ஒரு கையை மட்டும் மெல்ல நீட்டி அவள் வாசல் கல்லைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்."

"இறங்கினா இறங்கினதுதான்னு சொன்னேன்."

"இறங்கலை அண்ணாச்சி. ஒரு சாமானை மறந்துட்டேன், எடுத்துட்டு வந்திருதேன்."

ஓடினாள். வாசல் கல்லைத் தள்ளினாள். சங்கின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி ஓர் இழுப்பு இழுத்தாள். எத்தனையோ காலமாகப் பாறையில் இருந்த சங்கு கடகடவென்று பெயர்ந்து வந்தது. அதற்குள் பின்பக்கமாக நுழைந்து, வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு திடுதிடுவென்று வந்து ஏறினாள்.

ஆமை கழுத்தை நீட்டித் திரும்பிப் பார்த்தது. முதுகில் இருந்த நத்தை ஒருத்திதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஊருக்குப் போகையில மூட்டை கட்டுவாங்க, பாத்திருக்கேன். வீட்டையே கட்டிக்கிட்டு வாரவளை இன்னைக்குத்தான் பாக்கேன்."

"நீ என்னத்தைச் சுமக்கியாம்?" என்றாள் வடிவு.

"இது கூடப் பிறந்தது தாயி."

"இது கூட வாரது. போங்க அண்ணாச்சி."

கடல் தாண்டியதும் வடிவுக்கே நம்ப முடியவில்லை. ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டை நினைத்தாள், வீடு முதுகில் இருந்தது. கண்களை உயர்த்தினாள். ஐயோ, எத்தனை கப்பல்கள்! பாய்களெல்லாம் மேகத்தை அறுத்து உலர்த்தியது போல் தொங்கின. உச்சியில் தீ எரியும் கோபுரம் ஒன்று. கயிறு இழுக்கிறவர்களின் சத்தம், மிளகு வாசனை, மூட்டைகள் தொப்பென்று விழும் ஓசை. கோமு சுவரிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, வந்துட்டியா? இது என்ன கோலம்?"

"கோலம் கிடக்கட்டும். அந்தப் பலகை வழியா இறங்குதே, அது என்ன?"

"குதிரை."

"போடீ. குதிரையை எனக்குத் தெரியாதா? நம்ம பாசிக்குள்ள வாலைச் சுருட்டிக்கிட்டு நிக்குமே, விரல் தண்டி."

"அது கடல்குதிரை. இது கரைக்குதிரை."

குதிரை கனைத்தது. வடிவு சட்டென்று உள்ளே போய், மெதுவாக எட்டிப் பார்த்து, மறுபடி வெளியே வந்தாள். "இன்னொண்ணு இறங்குதா பாரு" என்றாள்.

அன்று அவளை ஓரிடத்தில் நிறுத்த முடியவில்லை. உப்பளத்துக்குப் போனார்கள். வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு, நடுவே காலை மடக்கி நின்ற பூநாரைகள். கரையோரத்து ஊற்றுக்குப் போனார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதன் தண்ணீர் இனித்தது. வடிவு ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "யாரோ உப்புப் போட மறந்துட்டாங்க. அவ்வளவு உப்பைப் பக்கத்துல குவிச்சு வச்சிக்கிட்டு."

கடைசியாகத் தேரிக்கு ஏறினார்கள். செக்கச்சிவந்த மணல் மேடு. காற்று அடிக்க அடிக்க மணல் ஊர்ந்தது. "இந்த மேடு நேத்து அந்தப் பனைக்கு அங்கிட்டு இருந்தது அக்கா" என்றாள் கோமு. "பாத்தியா, அதுவும் வீட்டைத் தூக்கிக்கிட்டுத்தான் திரியுது" என்று வடிவு சிரித்தாள்.

அப்போது மணலில் ஒரு நிழல் விழுந்தது.

"பருந்து!" என்று கத்திக்கொண்டே கோமு மணலுக்குள் புதைந்தாள். வடிவு வீட்டுக்குள் புகுந்து பெரிய கொடுக்கால் வாசலை அடைத்துக்கொண்டாள். செம்பருந்து விடவில்லை. சங்கை அப்படியே நகத்தில் கவ்விக்கொண்டு மேலே எழும்பியது.

வீடு ஆடியது. எங்கே நழுவி வெளியே விழுந்துவிடுவோமோ என்று வடிவு பின்பக்கத்தை வளைத்தாள். சங்கின் சுருளுக்குள் செலுத்தி, சுற்றி, உள்தண்டைப் பிடித்துக்கொண்டாள். உயிரையே அதில் வைத்துப் பிடித்தாள். பிறகு, எப்படித்தான் அந்தத் துணிச்சல் வந்ததோ, கொடுக்கைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்த்தாள்.

கீழே பவளத்துறை முழுவதும் விரிந்து கிடந்தது. கப்பல்கள் சிப்பிகளாயிருந்தன. கோபுரத்துத் தீ ஒரு பொட்டு. உப்பளம் கண்ணாடித் துண்டுகள், தேரி ஒரு பிடி குங்குமம். எதிரே அவள் தீவு, அவ்வளவு சின்னதாக. இவ்வளவு சின்ன இடத்தை விட்டு வரவா இத்தனை வருசம் பயந்தோம் என்று நினைத்தாள். அவள் இனத்தில் யாரும் பார்க்காததை அவள் வீட்டு வாசலில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பருந்தண்ணே" என்று கூப்பிட்டாள். "அந்தக் கோபுரத்துப் பக்கமா ஒரு சுத்துப் போங்களேன்."

பருந்து திகைத்தது. சங்கு பேசுகிறதா? அந்தத் திகைப்பில் நகம் தளர்ந்தது. சங்கு சுழன்று சுழன்று வந்து கடலில் விழுந்தது. கரையோரம் காத்திருந்த ஆமை முக்குளித்து அவளை எடுத்தது.

கோமு அழுதுகொண்டே ஓடி வந்தாள். "அக்கா, உயிரோட இருக்கியா? அந்தச் சனியனைக் கழத்தி வச்சிட்டு வெளிய வா, அடிபட்டிருக்கா பாப்போம்."

வடிவு வெளியே வரப் பார்த்தாள். பாதிதான் வர முடிந்தது. சங்கைப் பிடித்திருந்த பிடி விடவில்லை. கோமு இழுத்துப் பார்த்ததில் முழுசாக ஒரு தரம் வெளியே வந்தாள். ஆனால் அந்தப் பின்பக்கம் பழையபடி இல்லை. ஓடு உதிர்ந்து, மெத்தென்று, சங்கின் உட்புறத்தைப் போலவே சுருண்டு போயிருந்தது. காற்றுப் பட்டதும் கூசியது. வடிவு அவசரமாக மறுபடி உள்ளே போனாள்.

"இனிமே இதை இறக்கி வைக்க முடியாதேக்கா" என்றாள் கோமு.

வடிவு சங்குக்குள்ளிருந்து எட்டிப் பாய்களைப் பார்த்தாள். பிறகு, "கப்பல் எப்பக் கிளம்பும்?" என்று கேட்டாள். "பாய் விரிக்கிறதையும் பாத்துட்டே போறேன்."

பார்த்துவிட்டுத்தான் போனாள். தீவுக்குத் திரும்பியபோது பாறை இடுக்கில் பேய்க்கணவாய் காலாட்டிக்கொண்டு கிடந்தான்.

"வாங்க மைனி. இடம் காலியா இருந்ததுன்னு..." என்று இழுத்தான்.

"இரு, இரு. அந்த இடத்துல மத்தியானம் வெயில் அடிக்கும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, வீட்டோடு அடுத்த பாறையைப் பார்க்கப் போனாள் வடிவு. அவள் பெற்ற பிள்ளைகளுக்கும் பின்பக்கம் மெத்தென்று சுருண்டே இருந்தது.

அன்று முதல்தான் சங்கு நண்டுகள் போகிற இடமெல்லாம் வீட்டைச் சுமந்துகொண்டு போகின்றன. நிழல் விழுந்தால் கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்கின்றன. வளர்ந்து வேறு வீடு மாறும்போதும், புதுச் சங்கில் ஏறி உட்கார்ந்த பிறகு, பழையதை ஒரு தரம் திரும்பிப் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகின்றன.