வானத்துக்கு எல்லைக்கல்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் என் மீசை ஒருபக்கம் மட்டும் உதிரட்டும்.

நிலம் அளக்குறப்போ சங்கிலி பிடிக்கிறவன் சன்னாசி. அவன் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து, மிராசுதார் தர்மலிங்கம் எல்லைக்கல்லை நகத்தி நட்டு, அவன் நிலத்துல பாதியை வளைச்சுக்கிட்டாரு. சன்னாசி ஊர்க்கூட்டத்துல நியாயம் கேட்டான்.

மிராசு சிரிச்சாரு. "நீதான் பெரிய அளவுக்காரனாச்சே! வானம், நட்சத்திரம் எல்லாம் சேந்த இந்தப் பிரபஞ்சத்துக்கு எல்லை இருக்கா, இல்லையா? சொல்லுடா, நிலத்தை விட்டுடறேன்."

"இருக்குதுங்க சாமி. இப்பவே கல்லு நட்டுடலாம். பக்கத்து நிலத்துக்காரரை மட்டும் வரச் சொல்லுங்க. அவரு வந்து நின்னாத்தானே கல்லு நடுறது நம்ம வழக்கம்?"

"அட மடப்பயலே! அதுக்கு அந்தாண்ட எவன்டா இருக்கான்?"

"அப்ப யாரும் வராமலே நட்டுக்கலாங்களா?"

"பக்கத்துக்காரன் நிக்காம நட்டா அது எல்லையாடா? வெறும் கல்லு! பிரபஞ்சத்துக்கு எல்லையே கிடையாது, போ!"

சன்னாசி கூட்டத்தைப் பாத்துக் கும்பிட்டான். "கேட்டுக்கிட்டீங்களா? நான் இல்லாதப்போ ஐயா என் நிலத்துல நட்டதும் வெறும் கல்லுதானாம்."

ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. நாலு பேரு போயி கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்துலயே நட்டாங்க. மிராசும் பக்கத்துல நின்னாரு, வழக்கப்படி, பக்கத்து நிலத்துக்காரரா!

வானம் எம்புட்டுப் பெருசுன்னு எனக்குத் தெரியாதுங்க. என் வயிறு எம்புட்டுன்னு தெரியும்: பத்து முறுக்கு. கதை கேட்டுச் சிரிச்சவங்க எல்லாம் ஆளுக்கொரு முறுக்கு எடுங்க பாப்போம்!