முறித்த மீஹூன்

"குற்றங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதல் குற்றம்: நீ வந்த மூன்றாவது வாரமே ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என் கையை விட்டுப் போனது. இரண்டாவது: என் சேமியா பிரியாணியை என் மகனே நாய்க்கு வைத்தான். மூன்றாவது: நேற்று என் பேத்தி கேட்கிறாள், 'தாத்தா, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?'"

மலேசியாவில், கிள்ளான் வீட்டு அடுப்படியில் நின்று காத்தமுத்து முழங்கினார். தோட்ட வேலைநிறுத்தங்களில் நாற்பது குடும்பங்களுக்கு உலை வைத்தவர்.

பிலிப்பீன்ஸிலிருந்து வந்த மருமகள் மரிசெல் கோஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

"மாமா, இது மேடை இல்ல. என்ன வேணும்?"

"உன் ஊர் நூடுல்ஸ், அந்தப் பான்சிட்டின் ரகசியம்."

"ஒரு பாக்கெட் மீஹூன், அந்த அரிசிச் சேமியா. அரை கோஸ். ரெண்டு கேரட். நேத்து மிஞ்சின கோழி. ஒம்பது பேருக்குப் போதும்."

"இந்த மலிவுச் சரக்குக்கா என்னைத் தள்ளினார்கள்?"

அவள் கரண்டியை நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்க செய்யுங்க."

பூண்டு வதங்கியது. சோயா சாறு கலந்த தண்ணீர் கொதித்தது. காத்தமுத்து மீஹூனை எடுத்துப் படபடவென்று முறித்துப் போட்டார்.

கத்தி நின்றது.

"ஏன் முறிச்சீங்க?"

"முறித்தால்தான் பங்கு சமம். போராட்டத்தில் சேமியாவை அப்படித்தான் போடுவோம்."

"இப்பவும் அதைத்தான் நினைச்சீங்களா?"

அவர் சட்டியைக் கிளறினார்.

"இல்லை. உன்னை நினைத்துத்தான் முறித்தேன்."

மரிசெல் தீயைக் குறைத்தாள்.

"எங்க ஊர்ல பிறந்தநாளுக்கு இதைச் செய்வோம். முறிக்க மாட்டோம். எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆயுசு."

"பிறந்தநாளா? தோட்டத்தில் எங்களுக்கு ஏது அதெல்லாம்? பிறந்த தேதி கணக்கெழுதும் கிராணியின் பேரேட்டுக்கும் என் அடையாள அட்டைக்கும்தான் தெரியும்."

"எங்க வீட்ல இன்னொரு பழக்கம். பிறந்தநாள் யாருக்கோ அவங்க பேரை எழுதித் தட்டுக்குப் பக்கத்துல வைப்போம். வீட்டுக்குப் பெரியவங்க எல்லார் முன்னாலயும் படிக்கணும். அப்புறம்தான் சாப்பாடு."

கரண்டி நின்றது.

"இன்றைக்கு யாருக்கு?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கா, மரிசெல்?"

அவர் சட்டிக்குள் குனிந்து, முறியாத ஓர் இழையைத் தேடினார். கிடைக்கவில்லை.

மேசையைச் சுற்றி எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பேத்தி மடித்த காகிதத்தை நீட்டினாள்.

அவர் எழுந்து நின்று பிரித்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"சத்தமாப் படிங்க, தாத்தா!"

படித்தார்.

"காத்தமுத்து."