யாருடைய ஓவன்?

“டீச்சர், ரெண்டு சிப் போச்சு. இன்னும் ஒண்ணுதான் மிச்சம்” என்றார் பெர்க்மான்ஸ்.

ஷாகிரா பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. தூத்துக்குடி பஜாரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். பெர்க்மான்ஸுக்கு அறுபத்தாறு. துறைமுகத்தில் ஒயர்லெஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தக் காலத்துச் சின்னச் சிப்புகளை ஒட்டும் வேலையை அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“மொத போர்டு கருகிடுச்சு. ரெண்டாவதுல ஈயப் பசை உருகவே இல்ல. திரும்பத் திரும்பச் சூடு காட்டினேன், சிப்பு செத்துப்போச்சு. ரெண்டு தடவையும் பெட்டி சரியாத்தான் நம்பர் காட்டுச்சு.”

அந்தச் சிப்பின் கால்கள் அதன் வயிற்றுக்கு அடியில் இருந்தன. சால்டரிங் அயர்ன் நுனி அங்கே போகாது. போர்டையே சூடாக்கி, பசையை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். அதற்காக வீட்டிலிருந்த பழைய கேக் ஓவனில் துளை போட்டு, சூடு பார்க்கும் வயர் ஒன்றை உள்ளே தொங்கவிட்டு, வெளியே எண் காட்டும் பெட்டியை மாட்டியிருந்தார்.

“இங்க கொடுங்க. நானே ஒட்டித் தர்றேன்.”

“வேண்டாம்மா. அவரவர் ரேடியோவை அவரவர் கையாலதான் செய்யணும்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு.”

அந்தப் பேச்சில் மற்றவர் கனகரத்தினம். கடலுக்கு அந்தப் பக்கம், மன்னாரில் இருப்பவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருவரும் ஹாம் ரேடியோவில், அவரவர் வீட்டில் வைத்திருந்த சொந்த வானொலிக் கருவியில், பேசி வந்தார்கள். நேரில் பார்த்ததில்லை.

மூன்று வாரமாகப் பெர்க்மான்ஸின் ரேடியோவில் கேட்க முடிந்தது. பேச முடியவில்லை; குரலை அனுப்பும் சிப்பு போயிருந்தது.

“ஏழு மணி ஆனதும் கூப்பிடுறார் டீச்சர். ‘பெர்க்மான்ஸ் அண்ணை, கேக்குதோ?’ன்னு. மொத வாரம் கால் மணி நேரம் கூப்பிட்டார். போன வாரம் அஞ்சு நிமிஷம்தான்.”

“ஒரு போன் போட்டாத்தான் என்ன?”

“நம்பர் கேட்டதே இல்லையே.”

ஷாகிரா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“சனிக்கிழமை வீட்டுக்கு வர்றேன்.”

*

ஓவன் முன்னறை மேசையில் இருந்தது. ஷாகிரா கதவைத் திறந்து பார்த்தாள். எதையும் தொடவில்லை.

“இது யாரோட ஓவன்?”

“என்னோடதுதான்.”

“அதுக்கு முன்னாடி?”

“புஷ்பம் கேக் போடுவா. பிள்ளைங்க வெளிநாடு போன பிறகு சும்மாதான் கிடந்தது.”

“கேட்டீங்களா?”

“யாரை?”

ஷாகிரா அடுக்களைக்குப் போனாள். மேடைக்கு மேலே, ஓவன் மறைத்திருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம். அவர் மனைவி மரியபுஷ்பம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷாகிரா அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, எனக்குச் சொல்லித் தருவீங்களா?”

“உங்க வேலை எனக்கு என்னம்மா தெரியும்?”

“வேலை எனக்குத் தெரியும். அந்த ஓவனைத்தான் தெரியாது.”

கத்தி நின்றது.

“வலது பின்மூலை கரிச்சிடும்” என்றாள் புஷ்பம். “கதவோரம் வேகாது. நடுவுல வைக்கணும். அடியில ஒரு துண்டு ஓடு போடணும்.”

அடுக்களை வாசற்படியில் பெர்க்மான்ஸ் நின்றிருந்தார். முதல் போர்டை அவர் வலது பின்மூலையில்தான் வைத்திருந்தார். இரண்டாவதை, கண்ணாடி வழியாகப் பார்க்க வசதியாக, கதவோரம்.

“எவ்வளவு சூடு வைப்பீங்க?”

“திருகுல இருக்கற நம்பரையா சொல்றீங்க? அது ஓவன் சூட்டைச் சொல்லும். கேக் வெந்துச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்? நான் ஈர்க்குச்சியால குத்திப் பார்ப்பேன்.”

“நீ இதெல்லாம் சொல்லவே இல்லையே” என்றார் பெர்க்மான்ஸ்.

“நான் பூசைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தூக்கிட்டுப் போய் ஓட்டை போட்டாச்சு. அப்புறம் யாருகிட்ட சொல்ல?”

அவர் முன்னறை ஓவனைத் திரும்பிப் பார்த்தார்.

“மொத நாள் சூடேத்தினப்போ ஏலக்காய் வாசனை வந்துச்சு” என்றாள் புஷ்பம். “நான் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். ரெண்டாவது நாள் வரல.”

அவருக்கும் அந்த வாசனை வந்திருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில், கருகின மூலைத் துண்டு எனக்குத்தான் என்று பிள்ளைகள் மூன்று பேரும் சண்டை போடுவார்கள். அது எந்த மூலை என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

“புஷ்பம், ஈயப் புகை பட்டாச்சு. இனிமே அதுல கேக் போட முடியாது.”

“தெரியும்.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“ஒரு சிப்புதானே இருக்கு? வாங்க.”

*

அவர் வயரை ஓவனின் மேல்தட்டிலிருந்து அவிழ்த்தார். போர்டின் சூடே தெரியட்டும் என்று நுனியை ஒரு காலி போர்டில் ஒட்டி, நல்ல போர்டின் பக்கத்தில், நடுவில், ஓட்டின் மேல் வைத்தார். புஷ்பம் முக்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள்.

“நான் எதைப் பார்க்கணும்?”

“பசை இப்போ சாம்பல் நிறத்துல இருக்கு. உருகினதும் கண்ணாடி மாதிரி மினுங்கும்.”

எண்கள் ஏறின. ஷாகிரா சுவரோரம் கைகட்டி நின்றாள்.

“மினுங்குது” என்றாள் புஷ்பம்.

அவர் சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்து, தட்டை இழுக்கக் கை நீட்டினார்.

கையில் ஓர் அடி விழுந்தது.

“ஆறட்டும்!”

மூன்று பிள்ளைகளை ஓவன் பக்கம் அண்டவிடாத அதே குரல். பெர்க்மான்ஸ் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் திரும்பிப் பார்த்தபோது ஷாகிரா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

*

ஞாயிறு, ஏழு மணி.

“பெர்க்மான்ஸ் அண்ணை, கேக்குதோ?”

ஒரே ஒரு தடவை. அடுத்த தடவை வருமா என்று அவர் காத்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினார்.

“கேக்குது கனகம். நல்லாவே கேக்குது.”

பொத்தானை விட்டார்.

“நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன்” என்றது குரல். “என்ன நடந்தது?”

பெர்க்மான்ஸ் சொன்னார். சிப்பு, ஓவன், கருகிய போர்டு, எல்லாம்.

“அதுசரி, இந்த வயசில ஆர் உங்களுக்கு இதைப் பழக்கினது?”

அவர் வாயைத் திறந்தார். அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் இருங்க” என்றார்.

எழுந்து போய், இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து ரேடியோவுக்கு முன்னால் போட்டார்.