லூர்துமேரியின் காணிக்கை

குருவும் சீடரும் பேசிக்கொள்ளும் கதைகளில், யாருடைய உடம்பின்மேல் அந்தப் பாடம் நடந்ததோ அவளுக்குப் பெயர் இருப்பதில்லை. இவள் பெயர் லூர்துமேரி. வயது முப்பத்தெட்டு. தையல்காரி. குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிப்போனது.

குரு, பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் இன்பவல்லி, வயது நாற்பத்தொன்று. சீடர் சாமுவேல்ராஜுக்கு ஐம்பத்திரண்டு. இருபது ஆண்டுகள் குடலிறக்கமும் குடல்வாலும் அறுத்து அலுத்தபின் இந்தத் துறையைக் கற்க வந்தவர்.

கெண்டைக்காலுக்கு உருவம் வேண்டும் என்று லூர்துமேரி வந்தாள். சாமுவேல்ராஜ் அவளை ஸ்டூல்மேல் ஏற்றினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகச் செய்து, ஐந்து மாணவர்கள் பார்த்திருக்க, நாடாவால் அளந்தார். அளந்துகொண்டே எதிர்பார்க்க வேண்டியவற்றைச் சொன்னார். முழங்காலின் பின்மடிப்பில் ஒரு வெட்டு. தசையை மூடிய உறைக்கு அடியில் சிலிக்கான் இம்ப்ளாண்ட். சில நாள் குதிகால் ஊன்ற முடியாத வலி. பல வாரம் இறுக்கமான காலுறை. வீக்கம், மரத்துப்போதல், கிருமித்தொற்று. அரிதாக, உள்ளே அழுத்தம் ஏறினால் உடனே வெளியே எடுத்தாக வேண்டும். இரண்டு காலும் அச்சாக ஒன்றுபோல் வராது.

அவள் இறங்கிக் கையெழுத்திட்டாள்.

அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாளன்று காலையில், இடது கையால் தொடையை அழுத்தி அழுத்தி நடந்து வந்தாள். இன்பவல்லி அதைப் பார்த்துவிட்டார்.

“காலிப்பர் எங்கம்மா?”

தொடை முதல் பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல்வாரும் கொண்ட அந்தக் கருவி இல்லாமல் அவள் வாசல் தாண்டியதில்லை.

“மாதா கோயில்ல காணிக்கையா வச்சிட்டேன், டாக்டர்.”

“ஏன்?”

“இனிமே அது எதுக்கு?” அவள் சிரித்தாள். “பங்குச்சாமியே கையில வாங்கி பீடத்துல வச்சாரு. தெருவே வந்திருந்துச்சு. இனி மேரி நம்மள முந்திக்கிட்டு ஓடுவாடின்னு ஒரே கேலி.”

சிலிக்கான் காலை நிரப்பும், நடக்க வைக்காது. அந்த அறையில் இதை அறியாதவள் அவள் ஒருத்திதான்.

இன்பவல்லி அவளைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.

“நான் எல்லாம் சொன்னேன், மேடம்,” என்றார் சாமுவேல்ராஜ். “என்னென்ன வரும்னு ஒண்ணு விடாம சொன்னேன். ஏதாவது கேட்கணுமான்னும் கேட்டேன். இல்லைன்னுட்டாங்க. இதுக்கு மேல நான் என்ன செஞ்சிருக்கணும்?”

“பேண்ட்டை முழங்காலுக்கு மேல மடிங்க, சார். அந்த ஸ்டூல்ல ஏறிச் சுவரைப் பார்த்து நில்லுங்க.”

விளையாட்டு என்று நினைத்தார். இன்பவல்லியின் முகத்தில் விளையாட்டு இல்லை. மடித்தார், ஏறினார். இன்பவல்லி கூப்பிட்டதும் கதவு திறந்து மாணவர்கள் உள்ளே வரும் ஓசை கேட்டது. அவருடைய இரு கால்களிலும் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. மனைவியைத் தவிர எவருக்கும் அவர் அவற்றைக் காட்டியதில்லை.

நாடா சில்லென்று பட்டது.

“வலது முப்பத்தாறு. இடது முப்பத்தஞ்சரை. எழுதிக்குங்க.”

ஒரு மாணவி எழுதினாள். யாரோ இருமினார்கள்.

“ஏதாவது கேட்கணுமா, சார்?”

எப்போது இறங்கலாம் என்று கேட்க வேண்டியிருந்தது.

“இல்லை, மேடம்,” என்று சாமுவேல்ராஜ் சுவரிடம் சொன்னார்.

சொன்ன பிறகுதான் அவருக்குக் காது சுட்டது. மாணவர்கள் வெளியேறியபின் இறங்கினார். மடித்த பேண்ட்டை இறக்கிவிட அவருக்கு வெகுநேரம் பிடித்தது, தலை நிமிரவில்லை.

“நடை மாறாதுன்னு நான் போய் அவங்ககிட்ட சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க.”

“அப்புறம், மேடம்?”

“கொடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்க அவங்களுக்கு வாய் வராது. நீங்க போங்க. கோயில் திறந்திருக்கிற நேரமா, ஜனம் இருக்கிற நேரமாப் போய், என் தப்புன்னு சொல்லி வாங்கிட்டு வாங்க.”

சாமுவேல்ராஜ் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்.

லூர்துமேரி அன்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை. ஏழு மாதம் கழித்து, நடை மாறாது என்று தெரிந்தே வந்து செய்துகொண்டாள். கெண்டைக்கால் ஓரளவு நிறைந்தது. கோயிலிலிருந்து திரும்பி வந்த காலிப்பரை மாட்டிக்கொண்டு இன்றும் விந்தித்தான் நடக்கிறாள். அந்தத் தெருவின் சிரிப்பைத் தாங்க முடியாமல் தையற்கடையைச் சந்தைப் பக்கம் மாற்றிக்கொண்டாள். பழைய தெருவுக்கு அவள் திரும்பவில்லை.