கொம்பையா மீனைக் கடைக்குக் கூட்டிப்போனது

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் கொம்பையா, சுடலைமணி, மாசானம் என்று மூன்று பேர் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தக் கொம்பையாவுக்கும் ஒருவர் பெண் கொடுக்க முன்வந்தார். அவர் பெயர் ஆவுடையப்பன். பெண்ணை ஒருமுறை பார்த்ததிலிருந்து கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆவுடையப்பனுக்கோ மாப்பிள்ளையின் முழியைப் பார்த்ததிலிருந்து நெஞ்சில் ஒரு திகில். காசிக்குக் கிளம்பும் முன் ஒரு கண்ணாடிப் போத்தலோடு மாடியேறி வந்தார். உள்ளே நீல நிறத்தில் ஒரு பெட்டா மீன், தன் இனத்தைக் கண்டாலே சண்டைக்குப் பாயும் ஜாதி.

“எம் மகளக் கேக்குதீரு. மொதல்ல இத ஒரு வாரம் காப்பாத்தும். நான் வரும்போது மீன் உசிரோட இருந்தா பொண்ணு உமக்கு. செத்துக் கெடந்தா எங்க தெருப்பக்கமே வரப்பிடாது.”

“சரி மாமா.”

“பொடித் தீனிய மோந்துகூடப் பாக்காது. உறைய வச்ச தீனிதான் திங்கும். கடையில நாலஞ்சு வகை கெடக்கும், மீனுக்குப் புடிச்சதாப் பாத்து வாங்கும். நாளைக்கு ஒரு கட்டி. கூடப் போட்டா வயிறு வீங்கிச் செத்துரும்.”

மறுநாள் காலை கொம்பையா போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்கு ஆட்டோவில் கிளம்பினான். மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் காவல்.

“மீன எதுக்கு அண்ணாச்சி தூக்கிட்டு வந்தீய?” என்றார் கடைக்காரர்.

“பின்ன? அதுக்குப் புடிச்சது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கடைக்காரர் ரத்தப்புழு, உப்பு இறால், தண்ணீர்ப்பூச்சி என்று மூன்று அட்டைகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் பளபளவென்று வெள்ளித்தாள் ஒட்டியது. கொம்பையா ஒன்றைப் போத்தலுக்கு நேரே காட்டினான். வெள்ளித்தாளில் தன் உருவத்தையே எதிரியாகக் கண்ட மீன் செவுளை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

“கோவப்படுது,” என்றான் சுடலைமணி. “எங்க அத்தான் கல்யாண வீட்டுல சாம்பார் சரியில்லன்னா இப்படித்தான் மூஞ்ச வீங்க வைப்பாரு.”

“ஏல, பாயசத்தப் பாத்தாலும் அவரு அதே மூஞ்சிதான் வைப்பாரு,” என்றான் மாசானம்.

மற்ற இரண்டு அட்டைக்கும் மீன் அதே மூஞ்சியைத்தான் காட்டியது. மூவரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்கள். யோசிக்கத் தெரியாதவர்கள் யோசிப்பதைப் பார்ப்பது பெரிய கொடுமை.

“பிள்ளைக்குச் சோறு ஊட்டுததுக்கு முந்தி தாய் ருசி பாப்பால்லா?” என்ற மாசானம், ரத்தப்புழுக் கட்டி ஒன்றைப் பெயர்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். “உப்பு கம்மி.”

“நல்ல தண்ணி மீனுக்கு உப்பு எதுக்கு? அதையே கட்டுங்க,” என்றான் கொம்பையா. ஆக, சரியான தீனியைத்தான் வாங்கிவிட்டார்கள். அதற்கு அவர்கள் பொறுப்பல்ல.

கடைக்காரர் வாந்தியை அடக்கிக்கொண்டு சொன்னார்: “ஐஸ் உருகிட்டுன்னா திரும்ப உறைய வைக்காதீங்க. அன்னைக்கே மீனுக்குப் போட்டுத் தீத்துரணும்.”

அட்டையில் பாக்கி இருபத்து நாலு கட்டி. அறைக்கு வந்ததும் மாசானம் அதை ஃப்ரீஸரில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தே விட்டான். தன் சாப்பாடு கண்ணெதிரே இருந்தால் மீனுக்குத் தெம்பாக இருக்குமாம். மத்தியானத்துக்குள் இருபத்து நாலும் கரைந்து கொழகொழவென்று ஆகிவிட்டன.

கொம்பையாவுக்குக் கல்யாணமே கரைந்து ஓடுவதுபோல் இருந்தது. “அத்தனையும் இன்னைக்கே போடணும். ஒண்ணுக்கு மேல போட்டா செத்துரும். எம் பொழப்பு போச்சுல!” என்று அழுதான்.

“ஏம்ல அழுத?” என்றான் சுடலைமணி. “கட்டி கூடிப்போச்சுன்னு ஏன் நெனைக்க? மீனுதான் கொறையுது.”

அப்படியொரு வெளிச்சம் அந்த அறையில் அதற்குமுன் விழுந்ததில்லை. ஓடிப்போய் இருபத்து மூன்று பெட்டா வாங்கிவந்தார்கள். பழைய மீன் மனசு கோணக்கூடாதென்று எல்லாமே அதே நீலம். ஒன்றையொன்று கடித்துக் குதறாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தனிப் போத்தல். ஆளுக்கொரு கட்டி. தீனி சுத்தமாகத் தீர்ந்தது.

விடிந்ததும் இருபத்து நாலும் பசியோடு பார்த்தன. ஒவ்வொன்றுக்கும் பிடித்ததைப் பார்த்து வாங்க வேண்டுமே! இருபத்து நாலு போத்தலும் இரண்டு ஆட்டோவில் வருவதைக் கண்டதும் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு, கேட்ட கட்டிகளை அடியில் இருந்த சந்து வழியாகத் தள்ளிவிட்டார். வாரம் முழுக்க அப்படியே நடந்தது.

எட்டாம் நாள் ஆவுடையப்பன் மாடியேறி வந்தார். கட்டில், ஜன்னல், அலமாரி எங்கும் நீல மீன்கள்.

“எம் மீனு எங்கவே?”

“உசிரோட இருக்கு மாமா.”

“எதுல இருக்கு?”

“இதுல ஒண்ணுல.”

அவர் இருபத்து நாலு போத்தலையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்படியே திரும்பிப் படியிறங்கிவிட்டார்.

கொம்பையா படிப்பக்கம் எட்டிப் பார்த்தான். “உசிரோட இருந்தா பொண்ணுன்னாரே! எதுக்குல ஒண்ணும் சொல்லாமப் போறாரு?”

மாசானம் போத்தல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். “மனுசன் மலைச்சிட்டாருல. ஒரு மீனுக்கு ஒரு பொண்ணுன்னு வாக்குக் கொடுத்தவரு. இருபத்து நாலு பொண்ணுக்கு எங்க போவாரு?”

கொம்பையாவுக்கு மாமனார்மேல் அப்படியொரு இரக்கம் பொங்கியது. ஓடிப்போய்த் தெரு முழுக்கக் கேட்கும்படி ஜன்னலிலிருந்து கத்தினான்:

“மாமா! பெரியவள மட்டும் இப்ப அனுப்புங்க! மத்த இருபத்து மூணு பேரும் மெதுவா வந்தாப் போதும்!”